முன்னால் எத்தனை? பின்னால் எத்தனை?

திருச்சிராப்பள்ளிக்காரர்கள் ஒரு விதத்தில் அதிர்ஷ்டசாலிகள். ஊருக்கு வடக்கே சென்னை சாலையில் போனால், பெரம்பலூருக்கு முன்னால் நாரணமங்கலத்தில் எம்.ஆர்.எஃப். கம்பெனியின் டயர்த் தொழிற்சாலை இருக்கிறது. தெற்கே மதுரைச் சாலையில் போனால், மேலூரைத் தாண்டி வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா கம்பெனியின் டயர்த் தொழிற்சாலை. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று, நடுவே மலைக்கோட்டைப் பிள்ளையார். இப்படிப்பட்ட ஊரில் டயரைப் பற்றி யாருக்கும் சந்தேகமே எழக் கூடாது அல்லவா? ஆனால் தில்லை நகரிலுள்ள ஒரு சகோதரிக்கு எழுந்திருக்கிறது. நியாயமான சந்தேகம். அவர் எழுதியிருப்பதன் சாரம் இது:

"என் கணவரிடம் புல்லட் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. வருகிற மாதம் நாங்கள் இருவரும் அதில் கொல்லிமலைக்கும், அப்புறம் ராமேசுவரத்துக்கும் போவதாகத் திட்டம். டயர் இரண்டும் தேய்ந்துவிட்டன. மாற்ற வேண்டும் என்பதில் எங்களுக்குள் அபிப்பிராய பேதம் இல்லை. எதை மாற்றுவது என்பதில்தான் ஊருக்கே அபிப்பிராயம் இருக்கிறது! கடைக்காரர் ஒன்று சொல்கிறார். ஆபீஸ் நண்பர் ஒருவர், 'பின்னால் நல்ல அகலமாகப் போடு, கம்பீரமாக இருக்கும்' என்கிறார். இன்னொருவர், 'பெரிய பெரிய கட்டை வைத்த டயர்தான் மலைக்கு லாயக்கு' என்கிறார். இவர் எல்லாருக்கும் தலையாட்டிவிட்டு வருகிறார். காற்றடிக்கும் இடத்தில் 'முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை?' என்று கேட்டால், 'வழக்கம்போல அடி' என்கிறார். அந்த வழக்கம் என்ன என்று கேட்டேன். பதில் இல்லை. நான் ஓட்டுகிறவள் அல்ல, பின்னால் உட்காருகிறவள். இதையெல்லாம் நான் கேட்கலாமா?"

கேட்கலாமாவா! நீங்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது? மோட்டார் சைக்கிளில் பின் சக்கரத்துக்கு மேலே உட்காருகிறவர் நீங்கள். உங்கள் எடையில் பெரும் பகுதியைச் சுமப்பது பின் டயர்தான். ஓட்டுகிறவர் கையில் ஹாண்டில் பார் இருக்கிறது, பிரேக் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பதெல்லாம் கைப்பையும் நம்பிக்கையுமே. அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் என்ன என்று தெரிந்துகொள்ள உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

சுமப்பது யார்?

"வண்டியைச் சுமப்பது எது?" என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஒன்பது பேர் "டயர்" என்பார்கள். ரப்பர்தான் சுமக்கிறது என்றால், காற்று இறங்கிப் போன டயரும் சுமக்க வேண்டுமே! பஞ்சரானதும் ஏன் இரும்பு ரிம் தரையில் இடிக்கிறது? விஷயம் இதுதான்: ரப்பரும் அதற்குள்ளிருக்கும் நூல் அடுக்குகளும் சேர்ந்து ஒரு பை. காற்றைப் பிடித்து வைப்பது பையின் வேலை. பாரத்தைச் சுமப்பது காற்றின் வேலை.

இந்த யோசனை முதலில் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரருக்குத்தான் தோன்றிற்று. 1845-ல் அவர் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். ஆனால் காலம் கனியவில்லை. சைக்கிளே இல்லாத காலத்தில் காற்று டயரை யார் சீந்துவார்கள்? நாற்பது வருஷங்களுக்கு மேல் கழிந்த பிறகு, 1888-ல், பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற மாட்டு வைத்தியர் அதையே புதிதாகக் கண்டுபிடித்தார். தம் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கடகடவென்று ஆடாமல் ஓட வேண்டும் என்று செய்த ஏற்பாடு அது. குழந்தையின் முதுகு வலிக்கக் கூடாதே என்று ஒரு தகப்பனார் செய்த காரியத்தின் மேல்தான் இன்று உலகம் பூராவும் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்க் கதையிலும் குழந்தைகளுக்குப் பங்கு உண்டு. கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-ல் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் மெட்ராஸ் ரப்பர் பாக்டரியைத் தொடங்கியபோது செய்தது டயர் அல்ல, விளையாட்டு பலூன்! தேய்ந்த டயருக்கு மேலே ஒட்டுகிற ரப்பர், புது டயர் எல்லாம் அப்புறம்தான் வந்தன. 1955-ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தோன்றி, புல்லட் மோட்டார் சைக்கிளுக்குத் தொழிற்சாலை அமைந்ததும் அதே திருவொற்றியூரில்தான். பலூன் ஊதிய ஊரும் புல்லட் பிறந்த ஊரும் ஒன்றே. பலூனில் எது விசேஷமோ அதுவேதான் டயரிலும் விசேஷம்: உள்ளே இருக்கும் காற்று.

புது வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தின் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம் அல்லவா? அப்போது ஒரு நிமிஷம் குனிந்து பாருங்கள். அத்தனை பெரிய சக்கரத்தில் தரையைத் தொடுவது உள்ளங்கை அகலம்தான். முன்னால் ஓர் உள்ளங்கை, பின்னால் ஓர் உள்ளங்கை. வளைவில் திரும்புவதும், பிரேக் பிடித்தால் நிற்பதும், மழையில் வழுக்காமல் இருப்பதும் இந்த இரண்டு உள்ளங்கைகளின் தயவு. டயர் வாங்குவதும் காற்று அடிப்பதும் இந்த உள்ளங்கைகளைச் சரியாக வைத்துக்கொள்வதற்காகத்தான்.

டயரின் ஜாதகம்

தில்லை நகரில் வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. "எத்தனையாவது கிராஸ்?" என்ற எண் தெரிந்தால் போதும். டயருக்கும் அப்படித்தான். அதன் குலம் கோத்திரமெல்லாம் பக்கச் சுவரில் எண்களாக எழுதியிருக்கிறது. கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல் வண்டிக்கும் டயருக்கும் பொருத்தம் பார்த்துவிடலாம். ஜோசியர் தேவையில்லை, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் போதும்.

இப்போது வருகிற புல்லட் 350-ன் பின் டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 120/80-18 என்று இருக்கும். முதல் எண் 120, டயரின் அகலம் மில்லிமீட்டரில். அடுத்த 80, டயரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவிகிதம் என்பது. அதாவது 96 மில்லிமீட்டர். கடைசி 18, ரிம்மின் குறுக்களவு அங்குலத்தில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவிகிதம், அங்குலம் மூன்றும்! சிரிக்காதீர்கள். நாம் மட்டும் என்ன, துணியை மீட்டரிலும், நகையைப் பவுனிலும், மனையைச் சதுர அடியிலும்தானே அளக்கிறோம்? முன் டயர் 100/90-19. பழைய புல்லட்டுகளில் 3.25-19 என்று இருக்கும். அதில் அகலமும் அங்குலக் கணக்கு. உங்கள் வண்டி எந்த வருஷத்ததோ, அதற்குக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ, அந்த அளவே வாங்குங்கள்.

"அகலமாகப் போட்டால் கம்பீரம்" என்று சொன்ன நண்பருக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள். ஆனால் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். ரிம்மின் அகலம் மாறாமல் டயரை மட்டும் அகலமாக்கினால், டயரின் இரு விளிம்புகளும் உள்நோக்கி நெருக்கப்பட்டு, அதன் முதுகு வேறு விதமாக வளைந்துகொள்ளும். தரையைத் தொடும் உள்ளங்கை பெரிதாவதற்குப் பதில் வடிவம் கெட்டுவிடும். வளைவில் வண்டி சாய மறுக்கும். சில வண்டிகளில் செயினிலோ, சக்கரத்தைத் தாங்கும் கையிலோ டயர் உராயவும் கூடும். பட்டு ஜிப்பா பெரிதாக இருந்தால் கம்பீரம் வந்துவிடுமா? அளவாக இருந்தால்தான் வரும்.

அளவுக்கு அடுத்தபடியாக ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். பின்னால் சவாரி செய்கிற சகோதரி முக்கியமாகப் பார்க்க வேண்டியது இதைத்தான். 62 பி என்று இருக்கிறதென்று வையுங்கள். 62 என்பது 62 கிலோ அல்ல. அது ஒரு குறியீடு. அந்தக் குறியீட்டுக்கு 265 கிலோ என்று அட்டவணை சொல்கிறது. அதாவது அந்த டயர், தகுந்த காற்றோடு, 265 கிலோ வரை சுமக்கும். 57 என்றால் 230 கிலோ. 52 என்றால் 200. 50 என்றால் 190. 'பி' என்ற எழுத்து வேகத்தைக் குறிக்கும்: மணிக்கு 150 கிலோமீட்டர். அந்த வேகத்தில் பறப்பதற்குக் கொடுத்த லைசென்ஸ் அல்ல அது. அத்தனை வேகம் வரை டயர் தாங்கும் என்ற உறுதி. அவ்வளவுதான்.

இப்போது கணக்குப் போடுங்கள். வண்டி ஏறத்தாழ 195 கிலோ. கணவர் 78, நீங்கள் 62 என்று வைத்துக்கொள்வோம். (உண்மையான எண்ணை எனக்கு எழுத வேண்டாம்!) பைகள் 15 கிலோ. ஆக 350 கிலோ. இருவராக மூட்டை முடிச்சுடன் போகும்போது, மொத்தப் பாரத்தில் சுமார் 220 கிலோ பின் சக்கரத்தின் மேல் விழலாம். 62 என்று போட்ட டயர் இதைச் சுமக்கும், கொஞ்சம் மிச்சமும் வைக்கும். விலை மலிவு என்று 50 போட்ட டயரை வாங்கினால் என்ன ஆகும்? கணவர் தனியாகக் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போய் வரும் வரையில் ஒன்றும் தெரியாது. நீங்கள் ஏறி உட்கார்ந்த அன்றைக்குத்தான் டயர் தன் சக்திக்கு மேல் சுமக்க ஆரம்பிக்கும்.

கடைசியாகப் பிறந்த தேதி. பக்கச் சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3524 என்றால் 2024-ஆம் வருஷத்தின் 35-வது வாரத்தில் பிறந்த டயர் என்று அர்த்தம். ரப்பருக்கு வயதானால் மினுமினுப்பு இருக்கலாம், பிடிப்பு இருக்காது. வெயிலிலும் காற்றிலும் அது மெள்ள மெள்ள இறுகி, நுண்ணிய வெடிப்பு விடும். ஆகவே கடையில் நாலைந்து வருஷம் கிடந்த டயரை, "புதுசு ஸார், ரோட்டையே பார்க்காதது" என்று தள்ளுபடியில் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

எந்த வழிக்கு எந்த டயர்?

அடுத்து, கட்டை வைத்த டயர் விவகாரம். பெரிய பெரிய கட்டைகளும் அவற்றுக்கு நடுவே அகன்ற பள்ளங்களும் உள்ள டயர் சேற்றுக்கும் மணலுக்கும் ஏற்றது. கட்டைகள் மண்ணைக் கவ்விக்கொள்ளும். ஆனால் நீங்கள் எங்கே போகிறீர்கள்? நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலை. எல்லாம் தார்ச் சாலை. ராமேசுவரத்துக்கோ புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக முழுதும் தார்ச் சாலை. தாரின் மேல் கட்டை டயரில் போனால் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, இரைச்சல் அதிகம், தேய்மானமும் அதிகம். மலை என்ற பெயரைக் கேட்டதும் கட்டை டயர் வாங்குவது, ஊட்டி என்றதும் வீட்டிலுள்ள கம்பளி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்புவதைப் போலத்தான்.

உங்களுக்கு வேண்டியது சாலைக்கான டயர். அதன் பள்ளங்கள் மழைத் தண்ணீரை இரு பக்கமும் வெளியேற்றும்படி நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் போவதானால் இது மிகவும் அவசியம். டயருக்கும் தாருக்கும் நடுவே தண்ணீர் புகுந்துவிட்டால், உள்ளங்கை தரையை விட்டுவிட்டது என்று அர்த்தம்.

ரப்பரிலும் இரண்டு ரகம் உண்டு. இறுகிய ரப்பர் வெகுநாள் உழைக்கும், பிடிப்பு சற்றுக் குறைவு. மிருதுவான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். "எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும்?" என்பது மட்டுமே கேள்வியானால் கடைக்காரர் இறுகியதைத்தான் எடுத்துக் கொடுப்பார். அவர் மேல் குற்றமில்லை. "இருவராக, சாமானுடன், மலையில் இறங்கப் போகிறோம். மழையும் பெய்யலாம்" என்று சொல்லிக் கேளுங்கள். கேள்வி மாறினால் பதிலும் மாறும்.

ஸ்போக்ஸ் கம்பி போட்ட சக்கரமானால் பெரும்பாலும் உள்ளே டியூப் வேண்டும். கம்பிகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு போவதால், டியூப் இல்லாவிட்டால் காற்று அந்தத் துளைகளின் வழியே போய்விடும். வார்ப்புச் சக்கரத்தில் டியூப் இல்லாத டயர் போடலாம். ஆணி குத்தினால் டியூப் டயரில் காற்று சட்டென்று இறங்கிவிடும். டியூப் இல்லாத டயரில் ஆணியையே ரப்பர் இறுகப் பிடித்துக்கொள்ளும், காற்று மெதுவாக இறங்கும். நெடும் பயணத்துக்கு அது பெரிய அனுகூலம். அதற்காக, டியூப் உள்ள சக்கரக்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. உபரி டியூப் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

மாட்டும்போது கவனிக்க

டயரை மாற்றும்போது டியூபையும் மாற்றிவிடுங்கள். பழைய டியூப் பழைய டயருக்குள் விரிந்து பழகியது. புது டயருக்குள் மடிந்து உட்காரும், மடிப்பில் உராயும். கம்பி முனைகள் டியூபைக் குத்தாமல் ரிம்மைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை இருக்கும். அது கிழிந்திருந்தால் அதுவும் புதிதாக வேண்டும். பக்கச் சுவரில் ஓர் அம்புக்குறி இருக்கும். சக்கரம் அந்தத் திசையில்தான் உருள வேண்டும். நெம்பும் கம்பியால் அவசரமாக நெம்பினால் டியூபின் சதை அகப்பட்டுக் கிழிந்துவிடும். சோப்புத் தண்ணீர் தடவி நிதானமாகச் செய்கிற கடையாகப் பாருங்கள். கணவர் டீ குடிக்கப் போனாலும் பரவாயில்லை, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். பார்க்கிறவர் இருந்தால் எந்த வேலையும் ஒரு படி சுத்தமாக நடக்கும்.

புது டயரின் மேல் வழவழப்பு இருக்கும். முதல் 150 கிலோமீட்டர் வரையில் நிதானமாக ஓட்டி, அதைத் தேய்த்துப் போக்க வேண்டும். வெள்ளிக்கிழமை டயர் மாற்றி, சனிக்கிழமை கொல்லிமலை வளைவில் சாய்ப்பது ஆபத்து. அதற்கு முன்னால் முக்கொம்புக்கு ஒரு நாள், கல்லணைக்கு ஒரு நாள், தஞ்சாவூருக்கு ஒரு நாள் என்று போய் வாருங்கள். டயரும் பழகும், உங்களுக்கும் ஊர் சுற்றிய மாதிரி இருக்கும்.

எத்தனை பவுண்டு?

இப்போது கேள்விக்கு வருவோம். முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை?

விடை உங்கள் வண்டியிலேயே இருக்கிறது. கையேட்டிலும், பல வண்டிகளில் செயின் மூடியிலோ அதன் பக்கத்திலோ ஒட்டிய சீட்டிலும் போட்டிருப்பார்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு விதமான எண்கள் உண்டு: தனியாகப் போனால் இவ்வளவு, இருவராகப் போனால் இவ்வளவு. இருவராகப் போகும்போது பின் டயருக்குச் சில பவுண்டு அதிகம் சொல்லியிருக்கும்.

உங்கள் கணவருடைய "வழக்கம்" என்ன என்பது இப்போது புரிகிறதா? வாரத்தில் ஆறு நாள் அவர் தனியாக ஆபீசுக்குப் போகிறார். தனியாகவே பெட்ரோல் பங்குக்கும் போகிறார். அங்கே அடிக்கிற காற்று ஒருவருக்கான காற்று. ஏழாம் நாள் நீங்கள் ஏறி உட்காருகிறீர்கள். காற்று என்னவோ அதேதான். நாட்டிலுள்ள மோட்டார் சைக்கிள்களில் பின்னால் உட்காருகிற எத்தனையோ தாய்மார்களும் குழந்தைகளும் இப்படித்தான் ஒருவருக்கான காற்றில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் என்ன நஷ்டம்? கணக்கைப் பாருங்கள். பின் சக்கரத்தின் மேல் 220 கிலோ, அதாவது சுமார் 485 பவுண்டு. சதுர அங்குலத்துக்கு 36 பவுண்டு காற்று இருந்தால், ஏறத்தாழ பதின்மூன்றரைச் சதுர அங்குலம் தரையில் படிந்து பாரத்தைத் தாங்கும். காற்று 26 பவுண்டுதான் என்றால், அதே பாரத்தைத் தாங்க ஏறத்தாழ பதினெட்டரைச் சதுர அங்குலம் படிய வேண்டும். "அதிகம் படிந்தால் நல்லதுதானே?" என்று கேட்கலாம். அப்படிப் படிவதற்கு டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர வேண்டும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் சூடேறி ஒடிகிறது அல்லவா? அதுபோல டயரும் உள்ளுக்குள்ளே சூடேறும். நூல் அடுக்குகள் தளரும். கோடை வெயிலில், நாலுவழிச் சாலையில், மணிக்கணக்காக ஓடும்போது டயர் வெடிப்பதற்கு இது முக்கியமான காரணம். குழியில் விழுந்தால் ரிம்மும் அடிபடும்.

"அப்படியானால் நிறைய அடித்துவிட்டால் போயிற்று" என்பதும் தவறு. காற்று அளவுக்கு மிஞ்சினால் உள்ளங்கை சுருங்கி ஒரு விரல் அகலமாகிவிடும். பிடிப்புக் குறையும். சிறு கல்லில் ஏறினாலும் வண்டி துள்ளும். டயர் நடுவில் மட்டும் தேயும். சிலர் பக்கச் சுவரில் எழுதியிருக்கும் பெரிய எண்ணைப் பார்த்து அத்தனையும் அடித்துவிடுகிறார்கள். அது டயர் தாங்கக்கூடிய உச்ச வரம்பு. உங்கள் வண்டிக்கு வேண்டிய அளவு அல்ல. அண்டாவில் நாற்பது படி அரிசி வேகும் என்பதற்காக, இரண்டு பேர் சாப்பாட்டுக்கு நாற்பது படி போடுவார்களா?

வெயிலில் இறக்காதீர்கள்

காற்றை எப்போது பார்ப்பது? காலையில், வண்டி கிளம்புமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது. வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் டயர் சூடேறியிருக்கும், எண் அதிகமாகத்தான் காட்டும்.

ராமேசுவரம் போகும் அன்று விடியற்காலையில் தில்லை நகரில் 36 பவுண்டு வைத்துக்கொண்டு கிளம்புகிறீர்கள். அப்போது டயரின் சூடு 30 டிகிரி. வெயிலேறிய பிறகு, வழியில் ஒரு பங்கில் நிறுத்துகிறீர்கள். டயரின் சூடு இப்போது 60 டிகிரி என்று வையுங்கள். அளவு கருவி 41 காட்டும். "அடேடே, அதிகமாயிருக்கிறதே!" என்று ஐந்து பவுண்டை இறக்கிவிட்டால் என்ன ஆகும்? மறுநாள் காலை டயர் குளிர்ந்ததும் 31 பவுண்டுதான் இருக்கும். அதோடு இருவராகத் திரும்பி வருவீர்கள். ஆகவே சூடான டயரிலிருந்து காற்றை இறக்கவே கூடாது. சூட்டில் எண் ஏறும் என்பது தெரிந்துதான் கம்பெனிக்காரர்கள் குளிர்ந்த டயருக்கு எண் கொடுத்திருக்கிறார்கள்.

நைட்ரஜன் அடிக்கலாமா என்றும் சிலர் கேட்பதுண்டு. அடிக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் நாம் சுவாசிக்கிற காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். காசு கொடுத்து மாதம் ஒரு முறை பார்ப்பதைவிட, சாதாரணக் காற்றை வாரம் ஒரு முறை பார்ப்பது மேல். ஆணியே குத்தாவிட்டாலும் காற்று தானாக மெள்ளக் கசியும்.

பங்குக்குப் பங்கு கருவி வித்தியாசமாகக் காட்டும். ஆகவே சொந்தமாக ஒரு சிறு அளவு கருவி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அது உங்கள் கைப்பையில் இருக்கட்டும். பயணத்தன்று காலையில் கணவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, நீங்கள் இரண்டு வால்விலும் வைத்துப் பார்த்துவிடலாம். அதே சமயத்தில் டயரின் பள்ளங்களையும் ஒரு பார்வை பாருங்கள். பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. இரு சக்கர வண்டிக்குப் பள்ளம் 0.8 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது மோட்டார் வாகன விதி. விதி சொல்லும் எல்லை வரை காத்திராமல், மழைக்காலம் வருமுன்னே மாற்றிவிடுவது புத்திசாலித்தனம்.

இனி இரண்டு எண்களை மட்டும் ஒரு சிறு காகிதத்தில் எழுதி, சமையலறை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். தனியாகப் போனால் இத்தனை, இருவராகப் போனால் இத்தனை. காற்றடிக்கிறவர் "முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை?" என்று கேட்கும்போது, "வழக்கம்போல" என்ற பதிலுக்கு இடம் கொடுக்காதீர்கள். பதில் பின்னாலிருந்து வரட்டும்.